எல்டன் ஜானின் ‘கோல்ட் ஹார்ட்’ ரீமிக்ஸ் அந்த ஓட்டம் ஓடியது ஏன்?

ரீமிக்ஸ் என்றாலே எனக்கு ஒவ்வாமை. பழைய பாட்டைப் பிடித்து அடியில் டும் டும் என்று ஒரு தாளத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் ‘கோல்ட் ஹார்ட்’ வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். 74 வயது பிரிட்டிஷ் பாடகர் எல்டன், கூடவே இளம் பாப் பாடகி துவா லிப்பா. கணக்குப் பார்த்துச் சேர்த்த ஜோடி என்று ஒதுக்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள் ஹெட்ஃபோனில் ஒழுங்காகக் கேட்டேன்.

அதில் புது மெட்டே கிடையாது. ‘ராக்கெட் மேன்’ (1972), ‘வேர்ஸ் த ஷூரா’ (1976), ‘கிஸ் த பிரைட்’ (1983), ‘சாக்ரிஃபைஸ்’ (1989) என்று எல்டனின் நான்கு பழைய பாட்டுகளைப் பிரித்து, ஆஸ்திரேலியாவின் பினாவ் என்ற நடன இசைக் குழு ஒன்றாகத் தைத்திருக்கிறது. தையல் தெரியாததற்குக் காரணம் வரிகள் என்று நினைக்கிறேன். நான்கின் வரிகளையும் எழுதியவர் எல்டனின் நெடுங்காலப் பாடலாசிரியர் பெர்னி டாப்பின். ஒன்றில் கல்யாணம் விரிசல் விடுகிறது. ஒன்றில் மனைவியை விட்டு விண்வெளிக்குப் போனவன் தனியாகக் கிடக்கிறான். இன்னொன்றில் ஒருவன், வேறொருவனுக்கு மனைவியாகப் போகிறவளைப் பார்த்து ஏங்குகிறான். சேர்த்து வைத்தால் ஒரே ஆளின் கதை மாதிரி இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது குரல் சமாச்சாரம். 1987இல் எல்டனுக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. அதன்பின் குரல் கனத்து இறங்கியது. பழைய உச்சக் குரல் திரும்பவில்லை. ரீமிக்ஸின் சரணத்தில் வருவது அந்த இறங்கிய குரல், ‘சாக்ரிஃபைஸ்’ குரல். 1972இல் அவர் மேலே ஏறிப் பாடிய ‘ராக்கெட் மேன்’ பல்லவியோ இங்கே துவாவிடம் போய்விட்டது. தெரிந்தே செய்தார்களா, சும்மா அமைந்ததா, எப்படியோ சரியாக உட்கார்ந்துவிட்டது.

பினாவுக்கு இது புதிதும் அல்ல. எல்டனின் 1970களின் மூல ஒலிநாடாக்களை வாங்கி, இதே வேலையை 2012இல் ஒரு முழு ஆல்பமாகவே செய்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்கள். ‘கோல்ட் ஹார்ட்’ 2021 அக்டோபரில் அங்கே முதலிடத்துக்குப் போனது. சிங்கிள் எனப்படும் தனிப்பாட்டுகளின் பட்டியலில் எல்டன் அந்த இடத்தைப் பார்த்து 16 வருடம் ஆகியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ‘சாக்ரிஃபைஸ்’ மூலத்தில் வரிகளுக்கு நடுவே இருக்கும் அந்த வெறுமை இதில் போய்விட்டது. வேகம் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, தாளம்தான் இடைவெளியையெல்லாம் அடைத்துவிட்டது. போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் டிஜே இதைப் போட்டார். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உற்சாகமாக ஆடினார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று நான் வாயே திறக்கவில்லை.