ராபன் தீவுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கேப் டவுனில் நான்கு நாள் தங்குகிறோம். மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறையைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு 68 வயது, படகு என்றாலே வயிற்றைப் புரட்டும். பையனுக்குப் பத்து வயது. "அங்கே ஒன்றுமில்லை, பஸ்ஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒரு அறையை எட்டிப் பார்ப்பதுதான்" என்று போய்வந்த நண்பர் சொல்கிறார். போகலாமா? எந்த நாளில், எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு சுற்று உண்டு, ஒரு அறையை எட்டிப் பார்ப்பதும் உண்டு. மண்டேலாவின் அறைக்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம். பின்னால் வரிசை நிற்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பாய், போர்வை, ஒரு குட்டி மேசை, ஒரு வாளி, அவ்வளவுதான். அதை மட்டும் நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் வருவார்கள். ஆனால் சிறைக்குள் உங்களை அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் அங்கேயே கைதியாக இருந்தவர். அவர் பேசும் முக்கால் மணி நேரத்துக்காகத்தான் போக வேண்டும். அரசியல் கைதிகள் கடைசியாக அங்கிருந்து வெளியேறியது 1991இல். அன்று இளைஞராக இருந்தவர்களுக்கே இன்று தலை நரைத்துவிட்டது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் போனால் சுவர் இருக்கும், சொல்ல அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே போங்கள் என்பேன்.

முதலில் நாள் விஷயம். நான்கு நாளில் முதல் நாளோ இரண்டாம் நாளோ போட்டுவிடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். டிசம்பரில் கேப் டவுனில் மழை குறைவு, ஆனால் தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கேப் டாக்டர்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள், ஊரின் புகையை எல்லாம் துடைத்துவிடுமாம். புகையோடு சேர்த்துப் படகுப் பயணத்தையும் துடைத்துவிடும். அதே காற்றில் டேபிள் மவுண்டன் கேபிள் காரும் நின்றுபோகும். நான் முதல் தடவை குழுவோடு போனபோது தீவைக் கடைசி நாள் காலையில் வைத்திருந்தேன், மாலையில் விமானம். துறைமுகத்தில் 'இன்று படகு இல்லை' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு பேர் காபி குடித்துவிட்டு விமான நிலையம் போனோம். தப்பு என்னுடையதுதான். முதல் நாளில் ரத்தானால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது, கடைசி நாளில் பணத்தைத் திருப்பி வாங்குவது ஒன்றுதான் வழி.

நேரத்தைப் பொறுத்தவரை காலையின் முதல் படகு. அந்தக் காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். அம்மாவின் வயிற்றுக்கும் காலைக் கடல்தான் நல்லது.

டிக்கெட்டை ராபன் தீவு அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். டிசம்பரும் ஜனவரித் தொடக்கமும் அங்கே பள்ளி விடுமுறை, பல நாள் முன்பே தீர்ந்துவிடும். விமான டிக்கெட் உறுதியான கையோடு இதையும் முடித்துவிடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிட அதிகம், பையனுக்குக் குறைவு. துறைமுகத்தைச் சுற்றி 'தீவைச் சுற்றிக் காட்டுகிறோம்' என்று கூவும் தனியார் படகுகளும் இருக்கும். அவை கடலிலேயே சுற்றிக் காட்டித் திரும்பிவிடும். சிறைக்குள் போக வேண்டுமானால் அருங்காட்சியகத்தின் டிக்கெட்தான்.

படகு ஏறும் இடம் துறைமுகத்தின் வாட்டர்ஃபிரண்ட் பகுதியில், சிவப்பு மணிக்கூண்டுக்குப் பக்கத்தில். நெல்சன் மண்டேலா கேட்வே என்று கேட்டால் காட்டுவார்கள். படகு கிளம்ப அரை மணி முன்பே அங்கே இருங்கள், விமான நிலையத்தைப் போலப் பையைச் சோதித்துத்தான் விடுவார்கள். சீக்கிரம் போனால் இன்னொரு லாபம், உள்ளே உள்ள கண்காட்சியைப் பையனுக்குக் காட்டலாம். போக வர, சுற்றிப் பார்க்க எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீவில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் எதுவும் கிடையாது. காலைச் சாப்பாட்டை அளவாக முடித்துக்கொண்டு, தண்ணீரும் பிஸ்கட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு படகு ஏறினாலும் புரட்டும், மூக்குமுட்டச் சாப்பிட்டு ஏறினாலும் புரட்டும்.

அம்மாவைப் பற்றி. தூரம் பதினோரு கிலோமீட்டர்தான், அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம். படகும் மூடிய பெரிய படகு. ஆனால் துறைமுகத்தின் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் அட்லாண்டிக் தன் வேலையைக் காட்டும். அவரைக் கீழ்த்தளத்தில், நடுவிலோ பின்பக்கமோ உட்கார வையுங்கள். படகின் மூக்குப் பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். ஜன்னல் வழியே தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்ப்பது கூடவே கூடாது. குமட்டலுக்கான மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, குறைந்தது அரை மணி முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தில் ஆழ்த்திவிடும், வேறு மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்பதும் இருக்கிறது. ஆகையால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கோடைக்காலம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள், அந்தக் கடல் காற்று சில்லென்று இருக்கும். தொப்பியும் வேண்டும், தீவில் நிழல் குறைவு.

இறங்கியதும் பஸ். சில படகுகளில் வந்தவர்களுக்குப் பஸ் முதலில், மற்றவர்களுக்குச் சிறை முதலில். அது நம் கையில் இல்லை. பஸ்ஸில் ஒரு வழிகாட்டி, சிறையில் வேறொருவர். பஸ் பகுதியில் பலர் தூங்கிவிடுவார்கள். மூன்று இடத்தில் மட்டும் விழித்திருங்கள் என்று நான் அழைத்துப்போகிறவர்களிடம் சொல்வேன்.

ஒன்று, தொழுநோயாளிகளின் கல்லறைத் தோட்டம். இந்தச் சிறை வருவதற்கு முன், 1846 முதல் 1931 வரை, அரசாங்கத்துக்குக் கண்ணில் படக்கூடாதவர்களை எல்லாம் கொண்டுபோய் விட்ட இடம் இந்தத் தீவு. அடுத்தது ராபர்ட் சொபுக்வேயின் வீடு. கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய பேன் ஆஃப்ரிகனிஸ்ட் காங்கிரஸ் கட்சியின் தலைவர். மூன்றாண்டுத் தண்டனையை முடித்துவிட்டு 1963இல் வெளியே வர வேண்டியவர். அவரை விடக்கூடாது என்பதற்காகவே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊரில் அதற்குப் பெயரே 'சொபுக்வே பிரிவு'. ஆண்டுக்கு ஆண்டு நீட்டி 1969 வரை அந்த வீட்டில் தனியாக வைத்திருந்தார்கள், மற்றக் கைதிகளோடு பேசக் கூடாது. மண்டேலாவின் அறையைவிட இந்த வீடுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அறை சின்னது, ஆனால் பக்கத்து அறையில் ஆள் இருந்தது.

மூன்றாவது சுண்ணாம்புக் குவாரி. பஸ்ஸிலிருந்தே காட்டுவார்கள். கூலிங் கிளாஸைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பாருங்கள், கண் கூசும். மண்டேலாவும் கூட இருந்தவர்களும் ஆண்டுக் கணக்கில் அந்த வெள்ளைப் பாறையை வெயிலில் உடைத்தார்கள். அந்தக் கூச்சமும் தூசியும் மண்டேலாவின் கண்ணைக் கெடுத்துவிட்டன. பின்னாளில் அவரைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் போடக் கூடாது என்றது இதனால்தான். குவாரி வாசலில் ஒரு கற்குவியல் இருக்கும். 1995இல் பழைய கைதிகள் எல்லாம் திரும்பி வந்தபோது மண்டேலா ஒரு கல்லை எடுத்து வைத்தார், மற்றவர்களும் ஆளுக்கொன்று வைத்தார்கள். யாரும் அதை அடுக்கவில்லை, கலைக்கவுமில்லை.

அப்புறம் சிறை. கட்டடத்தின் கல்லையே கைதிகளை வைத்துத்தான் அந்தத் தீவில் உடைத்தார்கள், கைதிகளை வைத்துத்தான் கட்டினார்கள். பொது அறையில் பெஞ்சில் உட்கார வைத்து வழிகாட்டி பேசத் தொடங்குவார். அம்மாவுக்கு அது ஓய்வாகவும் இருக்கும். வழிகாட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பின்வரிசைக்குச் சரியாகக் கேட்காது.

அங்கே ஒரு பலகையில் கைதிகளின் சாப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். இரண்டு பத்தி. 'பி' என்ற பத்தி கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும், 'சி' என்பது கறுப்பினத்தவருக்கு. 'பி'யில் இறைச்சி ஒரு அவுன்ஸ் கூடுதல். ஜாமும் உண்டு. 'சி'யில் ஜாம் இருக்க வேண்டிய இடம் காலி. நாங்கள் போனபோது வழிகாட்டி எங்கள் முகங்களைப் பார்த்தார், பலகையில் 'பி'யின் மேல் விரலை வைத்தார், "நீங்கள் இங்கே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குழுவில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. 1964இல் மண்டேலாவோடு ஒரே வழக்கில் தண்டனை பெற்று ஒரே விமானத்தில் வந்த அகமது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள், மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. ஒருவர் இந்தியர், ஒருவர் கறுப்பர், காரணம் அவ்வளவுதான். சாப்பாட்டில் இந்த வேற்றுமை 1979இல்தான் போனது.

பத்து வயதுப் பையனுக்கு இதெல்லாம் புரியுமா என்று யோசிப்பீர்கள். ஜாம் புரியும். போவதற்கு முன் ராத்திரி இன்னும் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். ஒன்று, எண். மண்டேலா 466/64 என்றால் 1964ஆம் ஆண்டில் அங்கே வந்த 466ஆவது கைதி. காந்தியோடு தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடுவும் இங்கே பத்தாண்டு இருந்தார், அவருடைய எண் 885/63. இன்னொன்று கால்பந்து. கைதிகள் வருடக் கணக்கில் கேட்டு அனுமதி வாங்கி, மகானா கால்பந்துச் சங்கம் என்று சொந்தமாக லீக் நடத்தினார்கள், ஃபிஃபா விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நடுவர், முறையீடு, தடை எல்லாவற்றோடும். 2007இல் ஃபிஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. வழிகாட்டியிடம் பையன் கால்பந்தைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

கேள்வி கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் எல்லாரும் கேட்பது "மண்டேலா எப்படிப்பட்டவர்?" என்பதுதான். அவர் அங்கே இருந்தது 1982 வரை. எண்பதுகளின் நடுவில் வந்த வழிகாட்டி அவரைத் தீவில் பார்த்தே இருக்க மாட்டார். வழிகாட்டியின் சொந்தக் கதையையே கேளுங்கள். எந்த வயதில் வந்தீர்கள், வீட்டிலிருந்து முதல் கடிதம் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கைதிகளை வகுப்பு பிரித்துத்தான் சலுகை கொடுத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கடைசி வகுப்புக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். கடிதத்தில் ஐந்நூறு சொல்லுக்கு மேல் கூடாது. அதிலும் தணிக்கைக்காரன் கத்திரி வைத்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். அடி உதை பற்றி நீங்களாகத் தோண்ட வேண்டாம், சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். பையன் பக்கத்தில் இருக்கிறான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வரிசையாக மண்டேலாவின் அறைப் பக்கம் விடுவார்கள். அங்கே முண்டியடிக்காதீர்கள். கூட்டத்தைப் போக விட்டுக் கடைசியாக வந்தால் கம்பிக்கு முன்னால் நீங்கள் மட்டும் நிற்கலாம். வெளியே சின்ன முற்றம் இருக்கிறது, அங்கே அவர் தோட்டம் போட்டிருந்தார். ரகசியமாக எழுதிய தன் வரலாற்றின் கையெழுத்துப் பிரதியைப் புதைத்து வைத்ததும் அந்த முற்றத்து மண்ணில்தான்.

சிறையிலிருந்து படகுத்துறைக்குப் பெரும்பாலும் நடைதான், சமதளம், சில நூறு மீட்டர். அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கேளுங்கள், தீவில் இறங்கியதும் மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள். படகைப் பிடிக்க வேண்டும் என்று கடைசியில் எல்லாரும் வேக வேகமாக நடப்பார்கள். நீங்கள் அம்மாவின் நடைக்கு ஏற்றபடி போங்கள். திரும்பும்போது அம்மாவுக்குத் துணையாக ஒருவர் கீழே உட்காருங்கள். மற்றவர் பையனோடு மேல்தளத்துக்குப் போகலாம், டேபிள் மவுண்டன் முழுசாக எதிரே வரும். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.