எலக்ட்ரானிக் கருவி வடிவமைப்பை ஆன்லைனில் படித்தே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் பி.காம். படித்தவன், எலக்ட்ரானிக்ஸ் முழுக்க ஆன்லைனில்தான் கற்றேன். ஆனால் எல்லா வீடியோவும் பார்த்து முடித்த பிறகு செய்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். என்ன கருவி செய்யப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்காகப் படியுங்கள். 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய சர்க்யூட் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் 7,000 பேர் அளவுதான். கையில் ஒரு வேலை இருந்தால் பாதியில் விட மனசு வராது.

எனக்கு அந்த வேலை, மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கருவி. வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பான ஈஎஸ்பி32 ஒன்று, லித்தியம் பேட்டரி, நடுவில் வோல்டேஜை 3.3-இல் நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர். மேசையில் யூஎஸ்பியில் நன்றாக ஓடியது. பேட்டரிக்கு மாற்றியதும், வைஃபை இணையும் நொடியில் ரீசெட் ஆகும். மறுபடி எழும், மறுபடி ரீசெட். இரண்டு வாரம் புரோகிராமில் பிழை தேடினேன். பிறகுதான் ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பை, திறந்தேன். டிராப்அவுட் வோல்டேஜ் 1.1 வோல்ட் என்று இருந்தது. அப்படியென்றால் 3.3 வெளியே வர 4.4 உள்ளே போக வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியே 4.2தான் தரும்! வைஃபை அனுப்பும்போது சில நூறு மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேறு இழுக்கும். டிராப்அவுட் குறைந்த ரெகுலேட்டரைப் போட்டு, ஈஎஸ்பி32-இன் பவர் பின்னை ஒட்டி, அந்தத் திடீர் இழுப்பைச் சமாளிக்க 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததும் சரியாகிவிட்டது. இத்தனைக்கும், டிராப்அவுட் பற்றிய வினாவுக்கு ஆன்லைன் வகுப்பில் சரியாகவே விடை எழுதியிருந்தேன்.

அடிப்படைக்கு என்பிடெல் போதும். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் பாடங்கள். சேருவது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வாராந்திரக் கணக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ், சர்க்யூட் போர்டு வரைய கீகேட், இரண்டும் இலவசம். மிச்சமாகும் பணத்தில் நல்ல மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு நடை போய் வந்தாலே பெரும்பாலான பாகங்கள் கிடைத்துவிடும்.

முதல் போர்டில் ரெசிஸ்டர், கெபாசிட்டருக்கு 0402 அளவு வேண்டாம். நீளமே 1 மி.மீ.தான், இடுக்கியிலிருந்து நழுவினால் தேடிப் பிடிக்க முடியாது. 1206 போடுங்கள். 3.2 மி.மீ. இருக்கும், சாதாரண அயர்னிலேயே பற்றவைத்துவிடலாம்.