மெயினை நிப்பாட்டினாலும் உள்ளுக்குள்ள 540 வோல்ற்: வி.எப்.டி. கேள்வி பதில்

நெல் ஆலை, ஐஸ் ஆலை, தோட்டத்துப் பம்ப் எண்டு மோட்டரின்ர வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வி.எப்.டி. இப்ப எங்கட பக்கம் பரவலாய் வந்திட்டுது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

பரந்தன், ஆலை ஒப்பரேற்றர்: அண்ணை, எலிவேற்றர் மோட்டரின்ர வி.எப்.டி. பிழைக்குறி காட்டி நிண்டிட்டுது. மெயினை நிப்பாட்டின உடன மூடியைக் கழட்டலாமோ?

கழட்டாதேங்கோ தம்பி. 400 வோல்ற் மூன்று பேஸ் உள்ளுக்குள்ள டிசி ஆகேக்க 540 வோல்ற்றைத் தாண்டும். மெயின் போனாலும் பெரிய கப்பாசிற்றர்கள் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும். திரை அணைஞ்சிட்டுது எண்டதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

ஐசோலேற்றரை, அதாவது பனலுக்கு வாற லைனை முழுசாய் வெட்டுற சுவிட்சை, இறக்கிப் பூட்டுப் போடுங்கோ. சாவி வேலை செய்யிற ஆளின்ர பையில இருக்கவேணும். சிவப்பு எமேர்ஜென்சி பொத்தான் மோட்டரைத்தான் நிப்பாட்டும், பனலுக்குள்ள கரண்ட் அப்பிடியே நிக்கும். பிறகு பெட்டியில ஒட்டியிருக்கிற நேரம் வரை பொறுங்கோ. சின்னதுக்கு 5 நிமிசம், பெரிசுகளுக்கு 10, 15 எண்டு இருக்கும். அதுக்குப் பிறகும் அளக்காமல் கை வைக்கிறேல்ல. கற் 3, 1000 வோல்ற் எண்டு பாதுகாப்புத் தரம் எழுதின மீற்றரை டிசியில வைச்சு, டிசி பஸ்ஸின்ர, அதாவது கப்பாசிற்றர்கள் நிக்கிற டிசி லைனின்ர, பிளஸ், மைனஸ் முனைகளை அளவுங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட வரவேணும். உள்வரும் மூன்று பேஸையும் ஒண்டுக்கொண்டும் எர்த்துக்கும் அளவுங்கோ. அளக்க முதலும் அளந்த பிறகும், கரண்ட் இருக்கெண்டு தெரிஞ்ச ஒரு இடத்தில மீற்றரைத் தொட்டுப் பாருங்கோ. செத்த மீற்றரும் பூச்சியம்தான் காட்டும்.

லைற் எரியிற ரெஸ்ரர் இந்த வேலைக்கு உதவாது. ஸ்குரூ ட்ரைவரால முனைகளைத் தொடுத்துக் கரண்டை இறக்கிறதும் வேண்டாம்: பொறி கண்ணுக்கும் கைக்கும் வரும், கப்பாசிற்றரும் பழுதாகும்.

இன்னொண்டு, பிழை தீர்ந்த உடன தானாய் ஓடத் தொடங்கிற செற்றிங் இருந்தால் அதை நிப்பாட்டி வையுங்கோ. பெல்ற்றில கை வைச்சிருக்கேக்க மோட்டர் கிளம்பினால் மூடியைத் திறக்காமலே கை போகும்.

மாங்குளம்: வி.எப்.டி.யை ஓன் பண்ணினால், கரண்ட் கசிஞ்சால் விழுகிற ட்ரிப் சுவிட்ச் விழுது. அந்தச் சுவிட்சைக் கழட்டி நேரே குடுக்கச் சொல்லினம்.

சொன்ன ஆளை வேலைக்குக் கூப்பிடாதேங்கோ. உள்ளே இருக்கிற பில்டர் கப்பாசிற்றர்கள் கொஞ்சக் கரண்டை எப்பவும் எர்த்துக்கு அனுப்பிக் கொண்டிருக்கும்; மோட்டருக்குப் போற கேபிள் நீண்டால் இன்னும் கூடும். வீட்டில பூட்டுற 30 மில்லி அம்பியர் சுவிட்ச் அதைத் தாங்காது. டிசி கலந்த கசிவையும் சாதாரண வகை சரியாய் உணராது. வி.எப்.டி.க்குத் தனி லைன் இழுத்து, டிசி கசிவையும் உணருற பி வகையில 300 மில்லி அம்பியர் சுவிட்ச் போடுங்கோ. பிளக் பொயின்ற்றுகளுக்கு 30 தான், அதை மாத்தாதேங்கோ.

ஆனால் 300 போடுறதெண்டால் எர்த் நல்லாய் இருக்கவேணும். கணக்குச் சுகம்: தொடுற இடத்தில 50 வோல்ற்றுக்கு மேல வரக்கூடாது எண்டு எடுத்து, அதை 0.3 அம்பியரால பிரிச்சால் எர்த்தின்ர தடை கிட்டத்தட்ட 166 ஓம். அதுக்குக் கனக்கக் கீழே வைச்சிருங்கோ. மார்கழி மழையில அளந்தால் எந்த எர்த்தும் நல்லாய்த்தான் காட்டும். ஆவணியில, மண் வெடிச்சுக் கிடக்கேக்க அளவுங்கோ. கூடவாய் இருந்தால் தண்ணி ஊத்திச் சமாளிக்கிறதை விட்டிட்டு இரண்டாவது கம்பி இறக்குங்கோ, முதல் கம்பியின்ர நீளத்துக்குக் குறையாத தூரத்தில.

முல்லைத்தீவு, ஐஸ் ஆலை: பனலுக்குள்ள தூசியைக் கொம்பிரசர் காத்தால ஊதலாமோ?

வேண்டாம். உப்புப் படிஞ்ச தூசி சேர்கியூற் போட்டுக்குள்ள இன்னும் ஆழமாய்ப் போகும், கொம்பிரசர் ராங்கியில இருந்து வாற ஈரமும் சேரும். மேலே சொன்ன மாதிரி கரண்டை நீக்கி அளந்திட்டு, மெல்லிய தூரிகையும் வக்கியூமும் பாவியுங்கோ. பனலின்ர பில்டர் துணியை மாதத்துக்கு ஒருக்கால் பாருங்கோ.

துணுக்காய்: 230 வோல்ற் ஒற்றைப் பேஸ் வி.எப்.டி.யில மூன்று பேஸ் பம்ப். மோட்டர் உறுமுது, தண்ணி ஏறேல்ல.

மோட்டரின்ர தகட்டைப் பாருங்கோ. மோட்டரின்ர சுருள்களை இணைக்க டெல்ற்றா, ஸ்ரார் எண்டு இரண்டு முறை இருக்கு. 230/400 எண்டு இருந்தால் இந்த வி.எப்.டி.க்கு டெல்ற்றாவில கட்டவேணும். அனேகமாய் ஸ்ராரில கிடக்குது. 400/690 எண்டு இருந்தால் அந்த மோட்டர் இதுக்குப் பொருந்தாது. 230/400 மோட்டரை 400 வோல்ற் வி.எப்.டி.யில டெல்ற்றாவில கட்டிப்போடாதேங்கோ, சுருள் எரிஞ்சுபோகும்.

கிளிநொச்சி: மோட்டரின்ர இன்சுலேசனைப் பாக்க மெகர் மீற்றர் பிடிக்கேக்க வி.எப்.டி.யைக் கழட்டவேணுமோ?

கட்டாயம். மோட்டர் வயர் மூண்டையும் வி.எப்.டி.யில இருந்து கழட்டிப்போட்டு மோட்டர் பக்கம் மட்டும் பிடியுங்கோ. மெகரின்ர 500 வோல்ற் வி.எப்.டி.க்கு உள்ளே போனால் ட்ரான்சிஸ்ரர் போகும்.

ஒட்டுசுட்டான்: ஆருக்கும் கரண்ட் அடிச்சுப் பிடிச்சுக் கொண்டால்?

ஆளைத் தொடாதேங்கோ, முதல்ல ஐசோலேற்றர். பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. மூச்சில்லையெண்டால் நெஞ்சின்ர நடுவில 5, 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிசத்துக்கு 100 தொடக்கம் 120 தரம் அமத்துங்கோ, அம்புலன்ஸ் வரும்வரை. எழும்பிக் கதைச்சாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ, இதயத் துடிப்புப் பிந்தியும் குழம்பலாம்.

வவுனியா: இரண்டரை வருசம் பூட்டிக் கிடந்த ஆலையைத் திறக்கிறம். நேரே ஓன் பண்ணலாமோ?

கப்பாசிற்றர் வெடிக்கலாம். வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற வேரியக் ஒண்டு எடுத்து, மோட்டரைக் கழட்டி வைச்சிட்டு 25, 50, 75, 100 வீதமெண்டு ஒவ்வொண்டிலயும் அரை மணித்தியாலம் குடுங்கோ. ஒரு வருசம் தாண்டி இரண்டுக்குள்ள கிடந்ததெண்டால், ஓடவிடாமல் ஒரு மணித்தியாலம் கரண்ட் குடுத்து வைச்சால் அனேகமாய்ப் போதும். உங்கட கையேட்டில வேற நேரம் போட்டிருந்தால் அதையே பாருங்கோ. அதுக்கு முதல் பனலைத் திறந்து, எலி வயர் கடிச்சிருக்கோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ.