வாசகர் கேள்வி – பதில்: வருமான வரி நிலுவை அறிவிப்பு வந்தால்

கேள்வி: தனியார் நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு 61,740 ரூபாய் வரி பாக்கி என்று 143(1) பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வந்தது. மாதந்தோறும் என் சம்பளத்தில் வரி பிடித்தார்கள்; நிர்வாகம் அதை அரசுக்குச் செலுத்தவில்லை என்று இப்போது தெரிகிறது. குழப்பத்தில் அந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்பாமல் இருந்துவிட்டேன். இந்த ஆண்டு எனக்கு வரவேண்டிய ரீஃபண்டை அந்தப் பாக்கியில் கழித்துக்கொள்ளப் போவதாக 245ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் வந்துள்ளது. பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: பணத்தைக் கட்டுவதற்கு முன் இரண்டு கடிதங்களையும் நிதானமாகப் படியுங்கள். வருமான வரித்துறையின் எந்தக் கடிதமானாலும் முதலில் பார்க்க வேண்டியவை சட்டப் பிரிவின் எண், தேதி, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) ஆகிய மூன்றும்தான். உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்பதை இவையே தீர்மானிக்கின்றன. தொகையைப் பார்த்த அதிர்ச்சியில் பலர் இவற்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். சட்டம் அளித்த வாய்ப்பு அப்படித்தான் கை நழுவுகிறது. (நான் இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்கள் மாறியுள்ளன. ஆனால் உங்கள் அறிவிப்பு பழைய சட்டத்தின் கீழ் வந்தது.)

143(1) அறிவிப்பு என்பது, நீங்கள் தாக்கல் செய்த கணக்கை வருமான வரித்துறையின் பெங்களூரு மையத்தின் கணினி சரிபார்த்துச் சொல்லும் முடிவு. அதில் இரண்டு பத்திகள் அடுத்தடுத்து இருக்கும்: ஒன்றில் நீங்கள் கொடுத்த எண்கள், மற்றதில் துறை கணக்கிட்ட எண்கள். வரிசை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் வேறுபாடு என்பது தெரிந்துவிடும். உங்களுக்கு அது டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரி) வரிசையில் இருக்க வேண்டும். நிர்வாகம் வரியைச் செலுத்தி, அறிக்கையையும் தாக்கல் செய்திருந்தால்தான் அத்தொகை, உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறும். அங்கே ஏறாத தொகையைக் கணினி ஏற்பதில்லை. இப்படிப் பாக்கி காட்டும் 143(1) அறிவிப்பு சட்டப்படி 156ஆம் பிரிவின் டிமாண்ட் நோட்டீஸாகவே (வரியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பாகவே) கருதப்படும். ஆகவே தனியாக இன்னொரு நோட்டீஸ் வரும் என்று காத்திருக்கக் கூடாது. முப்பது நாட்களுக்குள் செலுத்தாத தொகைக்கு, மாதத்துக்கு அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு 1 சதவீதம் வீதம் தனிவட்டி ஏறும்.

ஆனால் உங்கள் பக்கம் வலுவான சட்டம் இருக்கிறது. ஊழியரின் சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடிக்கப்பட்ட அளவுக்கு அந்த வரியை மீண்டும் அவரிடமே கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பிடித்தவர் செலுத்தாத காரணத்துக்காக ஊழியரிடம் கட்டாய வசூல் செய்யக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015இலும், மீண்டும் 2016இலும் மதிப்பீட்டு அலுவலர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தில் ஒரே வரியை இரண்டு முறை கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மகன் சொல்வதுபோல் கட்டி முடிப்பதை நான் ஆதரிக்கவில்லை.

இணையதளத்தில் நிலுவைத் தொகைக்குப் பதில் அளிக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ‘பாக்கி சரியானது’ என்ற தெரிவும், முழுமையாகவோ பகுதியாகவோ உடன்படவில்லை என்ற தெரிவும் இருக்கும். முதலாவதைத் தேர்ந்து சமர்ப்பித்துவிட்டால் பின்னர் மறுப்புத் தெரிவிக்க அந்தத் தளம் இடம் கொடுக்காது. ஆகவே அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். உடன்படவில்லை என்பதைத் தேர்ந்து, காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி, 205ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, நிர்வாகம் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 இருந்தால் அதையும், இல்லையென்றால் வரிப் பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகளையும், நிகரச் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள். 245ஆம் பிரிவுக் கடிதத்துக்கும் அதில் குறித்துள்ள நாட்களுக்குள் இதே மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் பதில் அளிக்காவிட்டால் உங்களுக்கு மறுப்பு இல்லை என்று கொண்டு ரீஃபண்டைக் கழித்துக்கொள்வார்கள்.

154ஆம் பிரிவின் கீழ்த் திருத்த மனுவும் அளிக்கலாம். அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை அதற்கு அவகாசம் உண்டு. 26ஏஎஸ் படிவத்தில் தொகை ஏறாதவரை பெங்களூரு மையம் அந்த மனுவை நிராகரிக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் மனம் தளர வேண்டாம். உங்கள் பகுதிக்குரிய மதிப்பீட்டு அலுவலரிடம் எழுத்து மூலமாக முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாய வசூலை நிறுத்தி வைப்பது அவருடைய கையில் இருக்கிறது. நிர்வாகத்துக்கும் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். சில சமயங்களில் அவர்கள் வரியைச் செலுத்தியிருந்தும் பான் எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அப்படியானால் திருத்தப்பட்ட டிடிஎஸ் அறிக்கை தாக்கலானதும் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேள்வி: என் கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய பான் எண்ணில் 2009-10 மதிப்பீட்டு ஆண்டுக்கு 18,400 ரூபாயும், 2019-20க்கு 42,000 ரூபாயும் பாக்கி இருப்பதாக ஆடிட்டர் சொல்கிறார். என் நகைகளை விற்று இதைக் கட்ட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. காலமானவரின் வரிக்கு வாரிசு பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற சொத்து தாங்கும் அளவோடு நின்றுவிடுகிறது. 159ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உங்களுக்கே சொந்தமான நகைகள் அந்தக் கணக்கில் வாரா.

முதல் தொகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிராது. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்து, அதே மாதம் வெளியிட்ட ஆணையின்படி, 2010-11 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் வரையிலும், 2011-12 முதல் 2015-16 வரை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் வரையிலும் 2024 ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பாக்கிகள், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள் நீக்கப்பட்டன. உங்கள் கணவரின் பழைய பாக்கி அதில் அடங்கும். அது இன்னமும் பட்டியலில் நிற்கிறதா, நீக்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தொகைக்குத்தான் வேலை இருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் உங்களைச் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்தால்தான் அவர் கணக்கில் உள்ள ஆணையைப் படிக்கவும் பதில் அளிக்கவும் இயலும். அதற்கு இறப்புச் சான்றிதழ், இருவரின் பான் அட்டைகள், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை போதும். குடும்ப ஓய்வூதிய ஆணையையும் வாரிசுச் சான்றாக ஏற்கிறார்கள். பிறகு அந்தப் பாக்கி எந்தத் தேதியில், எந்தப் பிரிவில் எழுந்தது என்று பாருங்கள். அவர் உயிருடன் இருந்தபோதே தொடங்கிய நடவடிக்கையானால் அது வாரிசின் மீது தொடரலாம். மறைவுக்குப் பிறகு அவர் பெயரிலேயே புதிதாக ஏதேனும் அனுப்பியிருந்தால் நிலைமை வேறு: இறந்தவர் பெயரில் அனுப்பிய மறுமதிப்பீட்டு அறிவிப்பு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: மதிப்பீட்டு ஆணையில் எனக்கு 3,80,000 ரூபாய் வரி விதித்துள்ளார்கள். கணக்கு சரிதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே தவணையில் கட்ட வழியில்லை. நோட்டீஸ் வந்து பத்து நாள் ஆகிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: இன்னும் இருபது நாள் இருக்கும்போதே எழுதியது நல்லது. அவகாசம் கேட்டோ தவணை கேட்டோ 220(3) பிரிவின் கீழ் மனுச் செய்ய வேண்டுமானால், நோட்டீஸ் கிடைத்த முப்பது நாள் முடிவதற்குள் செய்ய வேண்டும். மாதம் எவ்வளவு செலுத்த இயலும் என்பதைத் தேதி வாரியாக எழுதி, கடன், வரவு செலவு விவரங்களை இணைத்து மதிப்பீட்டு அலுவலரிடம் கொடுங்கள். கட்ட இயலாத பெரிய தவணையை எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகிவிடும். தவணை கிடைத்தாலும் வட்டி நிற்காது; முழுத் தொகைக்கு மாதம் 3,800 ரூபாய் என்று தொடங்கி, அசல் குறையக் குறைய அதுவும் குறையும். 20 சதவீதம் கட்டினால் வசூலை நிறுத்தி வைப்பார்கள் என்று யாரேனும் சொன்னால், அது மேல்முறையீடு செய்தவர்களுக்கான ஏற்பாடு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மனுக் கொடுக்காமல் இருந்தால், 221ஆம் பிரிவின் கீழ் பாக்கித் தொகை அளவுக்கே அபராதம் விதிக்கவும், 226(3) பிரிவின் கீழ் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கவும் துறைக்கு அதிகாரம் உண்டு.

பணம் செலுத்தும்போது சுயமதிப்பீட்டு வரிக்கான 300 என்ற குறியீட்டைத் தேர்ந்துவிடாமல், மதிப்பீட்டு வரிக்கான 400 என்ற குறியீட்டிலும் சரியான மதிப்பீட்டு ஆண்டிலும் செலுத்துங்கள். தவறான தலைப்பில் கட்டிய பணம் அரசிடம் இருந்தாலும், உங்கள் பாக்கி மட்டும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு சலானையும் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் இணையதளத்தில் நிலுவை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, குறையாவிட்டால் சலான் நகலுடன் அலுவலரிடம் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.