கூண்டு இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: 8 வார நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாட்களாகின்றன. இரவில் ஹாலில் உள்ள கூண்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். விடிய விடியக் கத்துகிறது. 'கத்தி ஓய்ந்துவிடும், திறக்காதே' என்கிறார் கணவர். மகளோ தன் கட்டிலில் படுக்கவைத்துக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? - ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கூண்டை அப்படியே தூக்கி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

போன வாரம்வரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கொண்டு தூங்கிய உயிர் அது. ஆளில்லாத ஹாலில், இருட்டில் கத்துகிறதென்றால் பயத்தில் கத்துகிறது. உங்கள் கணவர் சொல்வதுபோல ஒருநாள் ஓயத்தான் செய்யும். அதற்குள் கூண்டைக் கண்டாலே நடுங்கவும் பழகியிருக்கும். நீங்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்டால், முனகும்போது ஒரு கை நீண்டு வந்து தொட்டால், பெரும்பாலான குட்டிகள் அடங்கிவிடும். சில வாரங்களில் நன்றாகத் தூங்கப் பழகிய பிறகு, கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹால் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

அது கத்துவதற்குச் சிறுநீரும் காரணமாக இருக்கலாம். 2 மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கடினம். படுக்கும் முன் ஒருமுறை வெளியே கொண்டுபோங்கள். நள்ளிரவில் அலாரம் வைத்து மறுபடியும். பெரிய விளக்கைப் போட வேண்டாம், கொஞ்ச வேண்டாம். போய் முடித்ததும் 'சமர்த்து' என்று ஒரு வார்த்தை, பிறகு நேராகக் கூண்டு. அந்த நேரத்தில் ஒருமுறை பந்து உருட்டி விளையாடிவிட்டீர்களோ, மறுநாளும் அதே நேரத்துக்கு உங்களை எழுப்பும். இந்த விஷயத்தில் நாய்களின் ஞாபகசக்தி அபாரம்.

கூண்டு, குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் போதுமானதாக இருந்தால் சரி. மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து, மறு மூலையைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும். நடுவே தடுப்பு வையுங்கள். கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஆகவே உள்ளே விடும்போது கழற்றிவிடுங்கள்.

கூண்டோடு நட்பு பகலில்தான் வளர வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கதவைத் திறந்துவைத்தபடி உள்ளேயே வையுங்கள். சில நாள் கழித்து, சாப்பிடும் நேரம் மட்டும் சாத்துங்கள். அப்புறம் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக உள்ளே தள்ளினால் அத்தனையும் வீண்.

நீங்கள் பக்கத்தில் இருந்தும் எச்சில் ஒழுகக் கம்பியைக் கடித்து இழுக்கிறதென்றால் திறந்துவிடுங்கள். வேலித் தடுப்புப் போட்ட சிறு இடத்தில் படுக்கவைத்து, கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

மகளின் ஆசையில் தவறில்லை. ஆனால் இந்த வயதில் கட்டிலிலிருந்து குதித்தால் அடிபடும், மெத்தையும் நனையும். அடக்கப் பழகிய பிறகு அதை யோசிக்கலாம். அதுவரை, விரும்பினால் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கை விரித்து அவள் தூங்கட்டும். நள்ளிரவு அலாரத்தைக் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.