கேங் தலைவரைப் பிடித்தால் துப்பாக்கிச் சத்தம் அடங்குமா?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் தெரு கேங்குகளில், தலைவரை உள்ளே தள்ளிவிட்டால் எல்லாம் அடங்கிவிடாதா? பழைய கேங் ஆட்களுக்கே சம்பளம் கொடுத்துச் சமாதானம் பேச வைக்கிறார்களாமே, அது எப்படி? – வாசகி, திருநெல்வேலி

பதில்: சிகாகோ அதைச் செய்துபார்த்த ஊர். அங்கே 'கேங்ஸ்டர் டிசைப்பிள்ஸ்' கேங்கின் சேர்மன் லேரி ஹூவர். அவருக்குக் கீழே இயக்குநர் குழு, அதற்கும் கீழே கவர்னர்கள், ரீஜென்ட்கள் என்று வட்டாரப் பொறுப்பாளர்கள், கடைசியில் தெருமுனையில் நின்று போதைப்பொருள் விற்கும் பையன்கள். சிறையில் இருந்தபடியே இவ்வளவையும் நடத்தினார் என்று நிரூபித்து, 1997-இல் மத்திய அரசு வழக்கில் தண்டித்தார்கள். பிறகு கேங் வேரூன்றியிருந்த பெரிய அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இடிக்கப்பட, கேங் சிதறியது. துப்பாக்கி மட்டும் ஓயவில்லை. இன்று இரண்டு மூன்று தெருவுக்கு ஒரு சின்னக் கோஷ்டி. போனில் போட்ட ஒரு கேலி வீடியோவுக்கே சுட்டுக்கொள்கிறார்கள். 'நிறுத்து' என்றால் நிறுத்தவைக்க ஆள் இல்லை.

அதனால்தான் பதவியைப் பார்க்காமல், அந்தத் தெருவில் யார் பேச்சு எடுபடும் என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் சிறை சென்று திரும்பியவர்கள்தான் நீங்கள் கேட்ட, சம்பளத்துக்குச் சமாதானம் பேசும் வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள். ஒருவர் சுடப்பட்டால் மருத்துவமனைக்கே போய், அடிபட்டவரின் நண்பர்களோடு உட்கார்ந்து, அன்றிரவே பழிவாங்கக் கிளம்பாமல் தடுப்பது முதல் வேலை. கேட்டதைப் போலீசிடம் சொல்லமாட்டார்கள். ஒரு முறை சொன்னாலும் அந்தத் தெருவில் அவர் வேலை முடிந்தது.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. துப்பாக்கிச் சூட்டில் இறங்கக்கூடியவர்கள், ஆனால் வழக்குப் போடச் சாட்சி இல்லாதவர்கள் என்று ஒரு சிலரை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். 18 மாதத் திட்டம். தினமும் ஒருவர் நேரில் பார்ப்பார் அல்லது போனில் பேசுவார். ஓட்டுநர் உரிமம், படிப்பு, கோபத்தை அடக்கும் பயிற்சி என்று ஆளுக்கொரு இலக்குப் பட்டியல். ஆறு மாதம் ஒழுங்காக வந்தவருக்கு, முடித்த இலக்கைப் பொறுத்து மாதம் 1,000 டாலர் வரை. வெளியூர்ப் பயணம் வேண்டுமா? எதிர்க் கோஷ்டிக்காரரோடு சேர்ந்துதான் போகவேண்டும். எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது இந்த நிபந்தனைதான். 2007-இல் 47 கொலை நடந்த ஊரில் 2014-இல் 11. அதே காலத்தில் போலீசும் தன் முறையை மாற்றிக்கொண்டது. முழுப் பெருமையும் இதற்கே என்று சொல்ல முடியாது.

கேள்வி: தலைவர்கள் தாங்களாகவே சமாதானம் ஆனதுண்டா? – வாசகர், சேலம்

பதில்: உண்டு. 1992 ஏப்ரலில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் தண்டனையின்றித் தப்பிய தீர்ப்பால் வெடித்த கலவரத்துக்குச் சற்று முன்பே, லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கிரிப்ஸ், பிளட்ஸ் என்ற பரம எதிரி கேங்குகள் சண்டையை நிறுத்தினார்கள். 1949 எகிப்து–இஸ்ரேல் போர்நிறுத்த ஒப்பந்தமே அவர்களுக்கு மாதிரி. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆனால் கலவரத்துக்குப் பின் வாக்களித்த வேலைகள் வாட்ஸுக்குப் பெரிதாக வரவில்லை. கைச்செலவுக்குப் பழைய தெருமுனைதான் என்று ஆனபின், ஒப்பந்தம் பேசியவர்களின் சொல்லும் இளையவர்களிடம் எடுபடாமல் போனது.