மாசம் 1,500 ரூபாயில வெயிட் குறைக்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல வெயிட் குறைக்கறதைப் பத்திதான். நீளமா இருந்ததைச் சுருக்கியிருக்கேன், பேர் போடல.

வயசு 27, வெயிட் 84 கிலோ. சம்பளம் 18,000. மாசம் 1,500 ஒதுக்க முடியும். புரோட்டீன் பவுடர் வாங்கறதா, ஜிம்ல சேர்றதா? - ஆவடி

முதல் மூணு மாசம் ரெண்டும் வேணாம் தம்பி. பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிபி, சுகர் பாத்துட்டு வா, அதுக்குக் காசு கிடையாது. அடுத்து ஒரு இஞ்ச் டேப், தையல் சாமான் விக்கிற கடையில இருபது முப்பது ரூபாதான். காலையில வெறும் வயித்துல இடுப்பைச் சுத்தி அளந்து காலண்டர்லயே எழுதி வை. நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. வெயிட் மெஷின் வாங்கினா சாதா டிஜிட்டல் போதும், ஆனா ரெண்டு டைல்ஸ் சேர்ற கோட்டு மேல வைக்காதே. நான் அப்படி வெச்சுட்டு ஒரே காலையில ஒரு கிலோ ஏறி இறங்கறதைப் பாத்து, மெஷின் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டேன், அவர் சமமான தரையில வெச்சுக் காட்டினதும்தான் புரிஞ்சுது, தப்பு என்னோடதுன்னு.

மிச்சக் காசுல ஒரு நல்ல ஷூ வாங்கு, அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே, குதிகால் வலி வந்துட்டா நடக்கறதே நின்னுடும். நடக்க 2023-ல ஆரம்பிச்ச 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு 8 கிலோமீட்டர் பாதை குறிச்சிருக்காங்க, அது தூரம்னா உங்க தெருவே போதும்.

புரோட்டீனுக்கு ரேஷன் கார்டை எடு. துவரம் பருப்பு கிலோ 30 ரூபா. அதுல கிட்டத்தட்ட 220 கிராம் புரோட்டீன் இருக்கு. நிறைய வீட்டுல அதை வாங்காமயே விட்டுடறாங்க, இல்ல வாங்கி வித்துடறாங்க, அதே வீட்டுப் பையன் ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்து பவுடர் டப்பா வாங்கறான், எனக்கு அது மனசு பொறுக்கல. கெட்டிப் பருப்பு, ரெண்டு முட்டை, கொஞ்சம் கீரை, சோறு வழக்கமா போடறதுல பாதி. மூணு மாசம் இப்படிப் போய்ட்டு எனக்கு எழுது, ஜிம்மைப் பத்தி அப்போ பேசலாம்.

ஜிம்ல ஒரு வருஷ ஃபீஸ் 50 சதவீத ஆஃபர்ல கட்டினேன். ஒன்பது நாள்தான் போனேன். போன வருஷமும் இப்படித்தான், அதுக்கு முந்தின வருஷமும். காசு திரும்பக் கிடைக்குமா? - சேலம்

கதவைத் திறந்து வெச்சு அவங்க காத்திருக்காங்க, போகாதது நீங்க. காசு கிடைக்காது சார். இனிமே மாசா மாசம் மட்டும் கட்டுங்க. 2025 செப்டம்பர் 22-லேந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18-லேந்து 5 சதவீதம் ஆயிடுச்சு, அடுத்த தடவை பில்லுல அதையாவது பாருங்க.

ஸ்லிம்மிங் சென்டர்ல மூணு மாசத்துல 12 கிலோ கேரண்டின்னு சொல்லி 48,000 ரூபா பேக்கேஜ் போட வெச்சாங்க. அவங்களே லோன் ஏற்பாடு பண்ணினாங்க. ரெண்டு கிலோதான் குறைஞ்சுது. கேட்டா "நீங்க டயட் ஃபாலோ பண்ணல"ன்னு திட்டறாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாது. - திருச்சி

முதல்ல ஒண்ணு சொல்றேம்மா, நீங்க ஏமாந்ததுல வெக்கப்பட எதுவும் இல்ல, வீட்டுலயும் சொல்லிடுங்க, தனியா தூக்கிச் சுமக்காதீங்க. 12 கிலோன்னு கேரண்டி குடுத்தது அவங்க. கோவத்துல இஎம்ஐ-ய நிறுத்திடாதீங்க, லோன் உங்க பேர்ல இருக்கு, கடனை ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற சிபில் ஸ்கோர் அடிபடும். அந்த விளம்பரம், வாட்ஸ்அப்ல "12 கிலோ" எழுதின மெசேஜ், வாராவாரம் வெயிட் குறிச்ச அட்டை எல்லாத்தையும் இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அட்டையை அவங்க வாங்கி வெச்சுக்கப் பாப்பாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டு 15 நாள் டைம் குடுத்து பதிவுத் தபால்ல எழுதுங்க, லோன் குடுத்த கம்பெனிக்கும் ஒரு காப்பி. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிவு பண்ணுங்க, நிறைய கேஸ் அங்கேயே முடிஞ்சுடும். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.

சாயங்காலப் பசிக்கு ராகி பிஸ்கட்தான் சாப்பிடறேன், வெயிட் ஏறுதே? - மதுரை

இது எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆத்திரம், கொஞ்சம் நீளமாவே சொல்றேன். எங்க வீட்டு டப்பாவுல இருந்த பாக்கெட்டை எடுத்துப் பாத்தேன். முன்னாடி பெருசா ராகிக் கதிர் படம். பின்னாடி திருப்பினா கடுகு சைஸ் எழுத்துல முதல்ல மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில், நாலாவதாத்தான் ராகி, 9 சதவீதம். எது அதிகமா இருக்கோ அதை முதல்ல எழுதணும்னு விதி, எதைப் பெருசா விளம்பரம் பண்றாங்களோ அது எத்தனை சதவீதம்னும் போடணும். ஆக உண்மை பாக்கெட் மேலேயே இருக்கு, நாமதான் திருப்பறதில்ல. பிஸ்கட்டுன்னா 100 கிராமுக்கு 450-லேந்து 500 கலோரி வரும். நிஜ ராகியா இருந்தாலும், சாமை, தினையா இருந்தாலும், கலோரி அரிசியை ஒட்டித்தான் இருக்கும், நார்ச்சத்து கூட இருக்கறதால சீக்கிரம் வயிறு நிறையும், அவ்வளவுதான். மில்லட்னு எழுதிட்டா அளவில்லாம சாப்பிடலாம்னு எவனும் சொல்லல, ஆனா அப்படி நினைக்க வெச்சு விக்கறாங்க. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் பண்ணிக்கோங்க, தேங்காயைக் குறைச்சுப் போடுங்க.

வாட்ஸ்அப்ல தெரிஞ்ச அக்கா விக்கிற மூலிகைப் பவுடர். பத்து நாள்ல 4 கிலோ குறைஞ்சுது. ஆனா தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது. தொடரலாமா? - கோவை

இன்னைக்கே நிறுத்துங்க. டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க. மூலிகைன்னு விக்கிற பவுடர்கள்ல சிபுட்ரமின்ங்கற மருந்தைக் கலந்து பிடிபட்டிருக்கு, இதயத்துக்கு ஆபத்துன்னு 2011-ல இந்தியாவுல தடை பண்ணினது அது. உடல் பருமனுக்கு மருந்துன்னு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குற்றம். மீதிப் பவுடரைக் கொட்டிடாம மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல குடுங்க.

நானும் ஒரு காலத்துல குடம்புளி கேப்சூல் மூணு பாட்டில் 2,700 ரூபாய்க்கு வாங்கினவன்தான். ஒண்ணை உடைச்சு உள்ளங்கையில கொட்டினா மீன் குழம்புச் சட்டி வாசனை. மூணு மாசம் முழுங்கினேன், வெயிட் அப்படியே இருந்துச்சு.

டயட் ஆப் 99 ரூபா ட்ரையல் போட்டேன். இப்போ 2,499 எடுத்துட்டாங்க. ஆப்பைத்தான் டெலீட் பண்ணிட்டேனே? - திருநெல்வேலி

ஆப்பை அழிச்சா ஆட்டோபே, அதாவது தானா காசு எடுக்க நீங்க குடுத்த அனுமதி, அழியாது. உங்க யூபிஐ ஆப்புக்குள்ள ஆட்டோபே பகுதியில போய் ரத்து பண்ணுங்க, இப்பவே. காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வந்திருக்கணும், தேடிப் பாருங்க. வந்தும் படிக்காம விட்டீங்கன்னா உங்க பக்கமும் தப்பு இருக்கு. வரலன்னாலோ, ரத்து பண்ற பட்டனையே ஒளிச்சு வெச்சிருந்தாலோ பேங்க்லயும் 1915-லயும் புகார் குடுங்க, அந்த மாதிரி சந்தாப் பொறி மத்திய அரசோட 2023 விதிகள்படி தடை.

வியர்வை பெல்ட் 799 ரூபா, வாங்கலாமா? - வேலூர்

வேணாம். போறது தண்ணி, ஒரு சொம்பு குடிச்சா திரும்பி வந்துடும்.